ஏழு பாகத்தில் திறக்காத கத்தி

மில்லர்புரம்,
3 பிப்ரவரி 2025

பெவின் அண்ணனுக்கு,

அன்று வள்ளத்தில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். டிசம்பர் பத்தாம் தேதி, கருஞ்சுறா கத்திக்கு விளம்பரப் படம் எடுக்க வந்திருந்தோம். நீங்கள் கத்தியை விரித்து மடக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மடங்குற இடத்துலயும் பூச்சு இருக்கா மேடம்?" என்று கேட்டீர்கள்.

இல்லை என்று எனக்குத் தெரியும். கத்தியோடு வந்த தாளில் அது இருந்தது. பூச்சு அலகின் இரண்டு பக்கங்களுக்கு மட்டும்தான். மடக்கும் ஆணி, உள்ளே இருக்கும் வில், தீட்டிய முனை எல்லாம் வெறும் இரும்பு. 'உப்புத் தூவல் சோதனை: இருபத்துநான்கு மணி நேரம்' என்றும் அதே தாளில் இருந்தது. அதைத்தான் நான் 'கடல் உப்புச் சோதனையில் தேறியது' என்று பெட்டியில் எழுதினேன். மணிக்கணக்கை விட்டுவிட்டேன். 'இனி எண்ணெயே வேண்டாம்' என்ற வரி எந்தத் தாளிலும் இல்லை. அது என்னுடையது. காதுக்கு நன்றாக இருந்தது, எழுதினேன்.

உங்கள் கேள்விக்கு, "கேமராவப் பாருங்கண்ணே, வெயில் ஏறுது" என்று சொன்னேன். நீங்களும் பார்த்தீர்கள். நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே சொன்னீர்கள்.

இஞ்ஞாசி அண்ணனுக்கு நடந்ததைச் சனிக்கிழமை எங்கள் கடையில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன். எங்கள் முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சியிடம் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். வலையில் மாட்டிக்கொண்டார், கத்தி திறக்கவில்லை, பிழைத்தது பெரிது என்றார்கள். உங்களை இனி எந்த வள்ளத்திலும் ஏற்றுவதில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வேம்பாரில் அக்கா வீட்டில் இருக்கிறீர்கள் என்றும் கேள்வி. போன் செய்தேன். "மேடம், ஒங்க சத்தத்த இப்பக் கேக்க முடியாது" என்று வைத்துவிட்டீர்கள். அதனால்தான் தபால்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று நீங்கள் வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, வள்ளத்து இயந்திரத்திலிருந்து வரும் காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தீர்கள். தண்ணீர் மூடிக்கொண்டது. அவ்வளவுதான். ஒரு மனிதர் இருந்த இடத்தில் குமிழி மட்டும் வந்தது. நான் எத்தனையோ படித்திருக்கிறேன், அப்படி ஒன்றை எங்கும் படித்ததில்லை. நீங்கள் மேலே வரும்வரை அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி வந்த பிறகும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை.

இஞ்ஞாசி அண்ணன் எப்படி இருக்கிறார்? என்ன நடந்தது என்று உங்கள் கையால் எழுத முடியுமா?

அனுசியா


வேம்பார்,
8 பிப்ரவரி

மேடம்,

கடிதம் வந்தது. இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தது. நீங்கள் தெரியாமல் எழுதியிருந்தால் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இஞ்ஞாசிக்கு வலது கெண்டைக்காலில் பதினாறு தையல். அவன் எனக்கு மச்சான் முறை. பதினோரு வருசமாக ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கிறோம்.

அன்றைக்கு ஏழு பாகம் தண்ணீர், உங்கள் கணக்கில் நாற்பது அடிக்குமேல் ஆழம். சங்கு மணலில் போனால் கோடு மாதிரித் தடம் விழும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போவோம், முடிவில் சங்கு இருக்கும். இஞ்ஞாசி ஒரு தடத்தோடு பாறை ஓரத்துக்குப் போனான். எவனோ அறுத்துவிட்ட நைலான் வலை அங்கே கிடந்திருக்கிறது. தண்ணீரில் அதற்கு நிறம் கிடையாது. காலில் சுற்றியது. உதறினான். குழாயிலும் சுற்றி நெரித்துக்கொண்டது. அவனுக்குக் காற்று நின்றுவிட்டது.

நான் ஐந்தாறு பாகம் தள்ளி இருந்தேன். அவன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்ததைப் பார்த்தேன். எடுத்துவிட்டான், இனி அறுத்துவிடுவான் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தபோது கத்தியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் என் கத்தியை எடுத்தேன். கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே கன்னங்கரேலென்று மின்னியது. அதுவும் திறக்கவில்லை.

என் குழாயை அவன் வாயில் கொடுத்தேன். அவன் இரண்டு மூச்சு, நான் ஒரு மூச்சு. பாறையில் செத்த சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பெயர்த்து, கல்லில் அடித்து உடைத்தேன். அந்த முனையால்தான் வலையை அறுத்தேன். ஒவ்வொரு கண்ணியாக அறுக்க வேண்டியிருந்தது. அவன் காலும் சேர்ந்து அறுபட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே வந்த பிறகு என் கையில் இருந்த சிப்பித் துண்டைப் பார்த்தேன். அது எத்தனை காலம் அந்தத் தண்ணீரிலேயே கிடந்ததோ. முனை அப்படியே இருந்தது மேடம். கடல் தனக்குச் செய்துகொண்டது அது.

கரையில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "ஏலே, கத்தியவா பாத்து வாங்குனோம்? ஒன் மூஞ்சியப் பாத்துத்தானல வாங்குனோம்." உண்மைதான். படம் வந்த பிறகு எங்கள் கரையில் மட்டும் என்னுடையது போக அறுபத்திரண்டு கத்தி போனது. அதில் பாதி நானே சொல்லி வாங்க வைத்தது.

அதைவிடப் பெரிய விசயம், அந்தக் கத்திகள் இன்னும் அவர்கள் இடுப்பில்தான் இருக்கின்றன. சங்கு எடுக்கக் கத்தி வேண்டியதில்லை, கையால் எடுத்துப் பையில் போடுவோம். கத்தி உயிருக்கு. அதனால் காரணமில்லாமல் அதை விரிக்க மாட்டோம். விரித்தால் ஆபத்தைக் கூப்பிடுகிற மாதிரி என்று ஒரு பயம். முன்பு வைத்திருந்த கத்திகளை எண்ணெய் போடுவதற்காகவாவது கரையில் உறையை விட்டு எடுப்போம். இதற்குத்தான் எண்ணெய் வேண்டாமே. ஈரத்தோடு மடங்கியபடியே கிடக்கிறது. "ஒங்க ரெண்டு கத்தியும் கோளாறுல, எங்களது புதுசு கணக்கா இருக்கு பாரு" என்கிறார்கள். வெளியே பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நான் சொன்னால் இனி யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த வலை யார் காலில் சுற்றும் என்று தெரியவில்லை.

பெவின்


மில்லர்புரம்,
13 பிப்ரவரி

பெவின் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். 'அவன் இரண்டு மூச்சு, நான் ஒரு மூச்சு' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் நானும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். என்னால் நாற்பது எண்ணுவதற்குமேல் முடியவில்லை, அதுவும் காற்றாடிக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

முதல் கடிதம் எழுதிய அன்றே ஒரு காரியம் செய்தேன். கடையிலிருந்து புதுக் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சிச்செல்வி அக்காவிடம், இதை இந்தத் தண்ணீரில் கட்டித் தொங்கவிடலாமா என்று கேட்டேன். "எதுக்குளா?" என்றார். துருப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்குப் படிச்ச புள்ள வரணுமாக்கும். இங்கன மம்பட்டியே ஒரு வருசம் தாங்காது" என்றார். ஆனால் இடம் காட்டினார். ஒன்பது நாள் யாரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்.

நேற்று எடுத்தேன். வெளியே ஒன்றும் இல்லை, நீங்கள் எழுதியது போலவே மின்னியது. நகத்தை வைத்து இழுத்தேன், நகம்தான் உடைந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் என் தோழி உமாராணி வேலை பார்க்கிறாள். அவள் கத்தியைக் குறடால் பிளந்து நுண்ணோக்கியில் வைத்தாள். அண்ணா, அந்தப் பூச்சு நம் தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு கனம்கூட இல்லை. இரும்பை அறையில் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, உலோகத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவிடுவார்களாம். மனிதர் கையால் இப்படி ஒன்று முடிகிறது என்பதே எனக்கு மலைப்பாக இருந்தது. அந்தக் கறுப்பில் ஊசிமுனையைவிடச் சின்னதாக ஓட்டைகள், இரவு வானத்தைத் திருப்பிப் போட்டது போல. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் உப்பு உள்ளே போய், பூச்சுக்கு அடியில் இரும்பைத் தின்றிருக்கிறது. மடங்கும் இடத்தில் பூச்சே இல்லை. அங்கே துரு, ஆணியும் அலகும் எது எதுவென்று தெரியாதபடி ஒன்றாக இறுகிப்போயிருந்தது. ஒன்பதே நாளில். உமாராணி, "எவ்வளவு பொறுமையா வேல பாத்திருக்கு பாரு" என்றாள். உப்பைச் சொன்னாள்.

பூச்சு தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது. முடியாததையும் செய்யும் என்று சொன்னது நான்.

இன்று காலை பிளந்த கத்தியை அண்ணாச்சி மேசையில் வைத்தேன். விற்றதைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றேன்.

"ஏளா, நாம பொய்யா சொன்னோம்? சோதனையில தேறிச்சா இல்லையா?"

"இருபத்துநாலு மணி நேரம் அண்ணாச்சி. அதுக்குமேல தாங்கும்னு யாரும் சொல்லல."

"தாங்காதுன்னும் சொல்லலேல்லா? கடல்லயே கெடக்கவனுக்கு இரும்பு துருப்பிடிக்கும்னு நாம போயிச் சொல்லணுமாக்கும். அடுத்த சரக்குல பொடி எழுத்துல ஒரு வரி போட்டுக்குவோம். போய் வேலையப் பாரு."

அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தவர். அதனால்தான் இதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. ஆனாலும் அவர் திரும்ப வாங்கப் போவதில்லை.

நானே வந்து உங்கள் ஆட்களிடம் சொல்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள். வார்த்தை என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாது. யாரைப் பார்க்க வேண்டும், எங்கே, எப்படிப் பேச வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

அனுசியா


வேம்பார்,
18 பிப்ரவரி

அனுசியா மேடம்,

வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்களின் வாய் உங்களுக்குத் தெரியாது. பிறகு யோசித்தேன். கடல் இந்த வாரம் கலங்கிக் கிடக்கிறது, அடியில் கிடக்கும் வலை கண்ணுக்குத் தெரியாத நாட்கள். அதனால் எழுதுகிறேன்.

வார நாளில் வந்தால் யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடலுக்குப் போவதில்லை. இரண்டாம் பூசை முடிந்ததும் எல்லாரும் திரேஸ்புரத்தில் எங்கள் சங்கக் கட்டடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். சங்கத் தலைவர் தேவபிரசாதம் அண்ணனிடம் முதலில் பேசுங்கள். செவி கொஞ்சம் மந்தம், ஆனால் சத்தம் போட்டால் கோபம் வரும். நேரே நின்று நிதானமாகச் சொல்லுங்கள்.

கத்தியைக் கொடுங்கள் என்று கையை நீட்டாதீர்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை என்பார்கள். தார்ப்பாய் ஒன்று கொண்டுபோய் விரியுங்கள். கீழே வைத்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். வைக்கிறவன் வைப்பான். வைக்காதவனிடம் கெஞ்ச வேண்டாம்.

போனில் படம் எடுக்கக் கூடாது. இதை எழுதவே வேண்டாம், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு விசயம் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவன். கத்தி வாங்கிய இரண்டாவது வாரம் கரையில் வைத்து ஒரு தடவை விரித்துப் பார்த்தேன். இறுகலாக வந்தது. கரகரவென்றது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். எண்ணெய் விட எழுந்தேன். எதிர்க் கடைச் சுவரில் என் படம் பெரிதாக ஒட்டியிருந்தது, எண்ணெய் வேண்டாம் என்று அதில் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால் எண்ணெய்ப் புட்டியை எடுக்க வெட்கமாக இருந்தது. மடக்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

அதனால்தான் நான் வரவில்லை. நீங்கள் போங்கள்.

பெவின்


மில்லர்புரம்,
23 பிப்ரவரி, ஞாயிறு

பெவின் அண்ணனுக்கு,

போய்விட்டு வந்தேன். விரலில் கட்டுப் போட்டிருக்கிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவபிரசாதம் அண்ணன் முன்னால் நின்று, "கத்திப் பெட்டியில் இருக்கும் வார்த்தைகளை எழுதியது நான்தான், பெவின் அண்ணன் மடங்கும் இடத்தைப் பற்றிக் கேட்டார், நான் தெரிந்தே பதில் சொல்லவில்லை" என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது.

"ஏளா, நீதானா அந்தப் புள்ள? நல்லாத்தான் எழுதியிருக்க. எங்க வீட்டுல அத மனப்பாடமாச் சொல்லுதா" என்றார் ஒருவர். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு பேசியதை எழுதமாட்டேன். உங்களுக்கு அவர்களைத் தெரியும்.

நீங்கள் சொன்னபடி தார்ப்பாயை விரித்தேன். உப்பளத்தில் கிடந்த கத்தியை நடுவில் வைத்தேன். யாரும் அசையவில்லை. "எங்களது நல்லாத்தான் இருக்கு" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். "விரிச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றேன். யாரும் விரிக்கவில்லை. நீங்கள் எழுதிய பயத்தை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஏழு பாகம் கீழே தைரியமாகப் போகிறவர்கள், கரையில் நின்று ஒரு மடக்குக் கத்தியைத் தொடத் தயங்கினார்கள்.

அப்போது இஞ்ஞாசி அண்ணன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இவ்வளவு சின்ன உருவமாக இருப்பார் என்று நினைக்கவில்லை. தன் கத்தியைத் தார்ப்பாயில் போட்டார். "நீங்க விரிக்க வேண்டாம்லே. கீழ போடுங்க, அந்தப் புள்ள விரிக்கட்டும். ஆபத்து வந்தா அதுக்கு வரட்டும், எழுதுனது அதுதான" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு.

ஒவ்வொன்றாக விழத் தொடங்கியது. ஊரில் இல்லாதவர்களுடையதை வீட்டுப் பெண்கள் கொண்டுவந்தார்கள். அறுபத்திரண்டும் வந்தன அண்ணா. வெயிலில் அவ்வளவும் கறுப்பாக, ஒரு கீறல் இல்லாமல், அப்போதுதான் அள்ளிப் போட்ட மீன் மாதிரிப் பளபளத்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான, அவ்வளவு பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முதல் கத்தி திறந்தது. "பாத்தியா" என்றார் ஒருவர். இரண்டாவது திறக்கவில்லை. மூன்றாவதும். நான்கு, ஐந்து, ஆறு. பத்தாவதுக்குமேல் கூட்டம் நெருங்கி வந்தது. அந்தந்தக் கத்திக்காரர் மட்டும் குனிந்து பார்த்தார். என் விரல் கிழிந்ததும் ஓர் அக்கா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டார். நாற்பத்தொரு கத்தி திறக்கவில்லை. திறந்த இருபத்தொன்றும் கரகரத்தன. அந்தச் சத்தம் எனக்கும் இனிமேல் தெரியும்.

அந்த நாற்பத்தொரு கத்திக்காரரில் பலர் நாளைக் காலை அதைக் கட்டிக்கொண்டு இறங்கியிருப்பார்கள். அந்த மரத்தடியில் நின்ற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு எல்லாரும்.

கொஞ்ச நேரம் கழித்து தேவபிரசாதம் அண்ணன், "விளம்பரத்துல வந்தவன் எங்க? வேம்பார்லயே கெடக்கானா?" என்று கேட்டார். அவருக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. "வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கான்" என்றார் யாரோ. இஞ்ஞாசி அண்ணன் கம்பால் தரையைத் தட்டினார்.

"அன்னைக்குக் கத்தி வரல. அவன் வந்தான். தன் காத்த எடுத்து எனக்குத் தந்தான். இத ஒருத்தனும் பேசமாட்டேங்கீங்க."

 தேவபிரசாதம் அண்ணன் என்னிடம், "அவனுக்குக் காயிதம் போடுவியாம்லா? மூஞ்சியக் காட்டச் சொல்லு" என்றார். அதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன். தபால் தாமதமாகும் என்பதால் இதை வேம்பார் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரவுக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் அண்ணாச்சிக்குச் செய்தி போய்விட்டது. போனில் கத்தவில்லை. "நாளைலேர்ந்து வராண்டாம்ளா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்பாவக் கேட்டதாச் சொல்லு" என்றார். வைத்த பிறகு, கடையின் இணையப் பக்கத்தில் இருந்த விளம்பரப் படத்தை நீக்கினேன். கடவுச்சொல் இன்னும் என்னிடம்தான் இருந்தது. அதே இடத்தில், தாளில் உள்ளதை உள்ளபடி, மணிக்கணக்கோடு எழுதி, அடியில் என் பெயரைப் போட்டேன். அண்ணாச்சி பார்த்தால் எடுத்துவிடுவார். அதுவரை இருக்கட்டும்.

அனுசியா


திரேஸ்புரம், தூத்துக்குடி,
25 பிப்ரவரி

அனுசியாவுக்கு,

ஞாயிறு இரவு ஒன்பதரைக்குக் கடிதம் கிடைத்தது. முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மீன் வண்டியில் ஏறி வந்துவிட்டேன். கரையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இஞ்ஞாசி மட்டும், "ஏலே, குழாயப் பிடி" என்றான். அந்தக் காலோடு இன்னும் தண்ணீரில் இறங்க முடியாது, வள்ளத்தில் உட்கார்ந்து குழாய் பார்க்க வந்திருந்தான்.

வீட்டில் மீன் அரியும் கத்திகளை ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தார்கள். துணியில் சுற்றி, எண்ணெய் தடவி, இடுப்பில் கட்டினோம். அசிங்கமாகத்தான் இருந்தது. இறங்குவதற்கு முன் எல்லாரும் அவரவர் கத்தியை உருவிப் பார்த்தார்கள். அப்படி ஒரு பழக்கம் எங்களிடம் இருந்ததில்லை.

உங்கள் அண்ணாச்சி நேற்றுச் சாயங்காலம் ஆள் அனுப்பி, நீங்கள் விட்டுப்போன தார்ப்பாயோடு கத்திகளை எடுத்துப்போனார். 

நேற்றுக் காலை ஐந்தரைக்குப் பதினோரு வள்ளம் போனது, நாற்பத்தேழு பேர். தண்ணீர் கலங்கல். மூன்று பேருக்கு வலை சுற்றியது, மூன்று பேரும் அறுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு மணிக்கு எல்லா வள்ளமும் கரைக்கு வந்துவிட்டன. தேவபிரசாதம் அண்ணன் நின்று தலையை எண்ணினார். நாற்பத்தேழு.

பெவின்